நீங்கள் மனிதர்தானா?

உங்கள் ஊர் நகராட்சிக்கு உங்கள் மேல் ஒரு சந்தேகம். இணையதளத்தில் சொத்து வரி கட்ட வருகிறவர் நிஜமாகவே மனிதர்தானா, அல்லது ஏதாவது எந்திரமா?

எந்த எந்திரம் நம் ஊரில் தானாக முன்வந்து வரி கட்டும் என்று கேட்காதீர்கள். சந்தேகம் என்றால் சந்தேகம்தான். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு பரீட்சை வைக்கிறார்கள். கோணல்மாணலாக நெளியும் ஐந்தாறு எழுத்துகள். நடுவில் யாரோ கோபத்தில் கிறுக்கியதுபோல இரண்டு கோடுகள். அதைப் பார்த்து அப்படியே டைப் அடித்தால் நீங்கள் மனிதர். கேப்ட்சா என்று இதற்குப் பெயர். அது ஓ-வா, பூஜ்யமா என்று தெரியாமல் நாமே இரண்டு தடவை ஃபெயிலாகி மூன்றாவது தடவைதான் மனிதராகிறோம்.

சரி, கண் தெரியாதவர் வந்தால்?

படத்தைப் பார்க்க முடியாது. பார்க்காமல் டைப் அடிக்க முடியாது. டைப் அடிக்காவிட்டால் வரி கட்ட முடியாது. ஆக, பார்வை இல்லாதவர் மனிதர் இல்லை. இதை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் மறியலே நடந்திருக்கும். சத்தம் போடாமல் ஒரு வெப்சைட் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் கோபம் வரவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே படித்தவர்கள்கூட முதலில் கேட்பது, 'கண்ணு தெரியாதவங்க எப்படி சார் கம்ப்யூட்டர் பார்ப்பாங்க?' என்பதுதான்.

பார்க்க மாட்டார்கள். கேட்பார்கள். ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் இருப்பதை எல்லாம் குரலில் படித்துக் காட்டும். மவுஸ் கிடையாது, எல்லாம் கீபோர்டுதான். ஒரு காலத்தில் இந்த மென்பொருளை வாங்க ஒரு மாதச் சம்பளம் போதாது. 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர், கண் தெரிந்தவர்களைவிட நாங்கள் ஏன் அதிகக் காசு கொடுக்க வேண்டும் என்று என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை எழுத ஆரம்பித்தார். அது இலவசம். தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று கூடவே வந்துவிடுகின்றன. அதாவது, அவர்கள் பக்கத்து ஏற்பாடு எப்போதோ முடிந்துவிட்டது. முடியாமல் கிடப்பது நம் பக்கம்.

வங்கியில் வேலை பார்க்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். எனக்கு ஐந்து நிமிடம் பிடிக்கிற கணக்கை அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் முடிப்பார். ஒரு நாள் அவர் தன் வீட்டுக்கு வரி கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எந்த ஊர் நகராட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

வெப்சைட் திறந்தது. ஸ்கிரீன் ரீடர் படித்தது: 'கிராஃபிக், பேனர் நான்கு. கிராஃபிக், பேனர் ஐந்து. லிங்க், இங்கே கிளிக் செய்யவும். லிங்க், இங்கே கிளிக் செய்யவும். லிங்க், இங்கே கிளிக் செய்யவும்.' எங்கே கிளிக் செய்தால் என்ன வரும்? அது அந்த வெப்சைட்டைச் செய்த புண்ணியவானுக்கே வெளிச்சம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அரை மணி நேரத்தில் வரி கட்டும் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அங்கே வரிசையாகக் கட்டங்கள். ஸ்கிரீன் ரீடர் சொன்னது: 'எடிட், காலி. எடிட், காலி. எடிட், காலி.' எது வார்டு எண், எது மதிப்பீட்டு எண், எது போன் நம்பர்? நமக்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பது தெரிகிறது. அந்த எழுத்தையும் கட்டத்தையும் உள்ளே முடிச்சுப் போட்டு வைக்கவில்லை. அவருக்கு எல்லாமே காலி.

அதையும் எப்படியோ தாண்டினார். கடைசியில் கேப்ட்சா.

'என்ன சார் எழுதியிருக்கு?' என்றார். படித்துச் சொன்னேன். பணம் போயிற்று, ரசீது வந்தது. 'இன்னிக்கு நீங்க இருக்கீங்க சார். அடுத்த அரையாண்டுக்கும் உங்களைக் கூட்டிக்கிட்டு வரணுமா?' என்று சிரித்தார். ஊரார் பணத்தைக் கோடிக்கணக்கில் கையாள வங்கி அவரை நம்புகிறது. தன் பணத்தைக் கொண்டுபோய்க் கட்ட நகராட்சி அவரை விடவில்லை.

சரி, இந்த வெப்சைட்டுகளுக்குள் என்னதான் வியாதி?

முதல் வியாதி ஸ்கேன். நம் அலுவலகங்களில் ஓர் அறிவிப்பு பிறக்கும் கதை தெரியுமா? கம்ப்யூட்டரில் அழகாக டைப் அடிப்பார்கள். அந்த நிமிடத்தில் அது யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய, தேடக்கூடிய எழுத்து. அதைப் பிரின்ட் எடுப்பார்கள். கையெழுத்து, முத்திரை. பிறகு அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் சாய்வாக வைத்து ஸ்கேன் எடுத்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுவார்கள். இப்போது அது எழுத்து இல்லை, காகிதத்தின் போட்டோ. ஸ்கிரீன் ரீடருக்கு அது காலிப் பக்கம். உயிரோடு இருந்ததைக் கொன்று, போட்டோ எடுத்து மாட்டுவதற்குத்தான் நாம் மின் ஆளுமை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது வியாதி, தமிழுக்கென்றே ஸ்பெஷல். பழைய எழுத்துருக்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ்தான் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் அதை 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று படிக்கும். செம்மொழி மாநாடு நடந்த 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. ஆனால் பழைய எழுத்துருவில் பழகிய விரல்கள் அரசாணை படிப்பதில்லை. அரசு அறிவிப்பைக் காதால் கேட்க உட்கார்ந்தவருக்கு ஜே கே பி ஓ செமிகோலன்தான் செந்தமிழ்.

மற்றதெல்லாம் சில்லறை வியாதிகள். ஆனால் சேர்ந்தால் உயிரை எடுப்பவை. படத்துக்கு விளக்கம் இல்லாதது. வெளிர் சாம்பல் பின்னணியில் இன்னும் கொஞ்சம் வெளிர் சாம்பல் எழுத்து. மவுஸைக் கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு. கை நடுங்குகிறவர் பாதி ஃபாரம் நிரப்புவதற்குள் 'நேரம் முடிந்தது' என்று விரட்டும் பக்கம். புகாருக்கு போன் நம்பர் மட்டுமே கொடுத்திருப்பது. காது கேளாதவர் யாரிடம் பேசுவார்? எழுத்து வரி ஓடாத விழிப்புணர்வு வீடியோ. இது உலகம் முழுக்க உள்ள நோய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு வருடாவருடம் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் அவற்றில் 94.8 சதவிகிதம் தேறவில்லை. பெரும்பாலான பிழைகள் ஆறே வகைதான். மங்கிய எழுத்து, விளக்கமில்லாத படம், பெயரில்லாத கட்டம், காலி லிங்க், காலி பட்டன், பக்கத்தின் மொழி என்ன என்று குறிப்பிடாமை. இதில் எதுவும் ராக்கெட் சயன்ஸ் இல்லை. பலதுக்கு மருந்து ஒரு வரி.

ஒரு வரி எழுதாததற்கு ஒன்பது காரணம் சொல்கிறார்கள். முக்கியமான நாலை மட்டும் பார்ப்போம்.

காரணம் ஒன்று: 'அப்படி எத்தனை பேர் சார் வரப்போறாங்க?'

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். இது பழைய கணக்கு. குறைத்து எடுத்த கணக்கும்கூட. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டது, கணக்கெடுப்பு அதற்கு முந்தையது. கண்புரை விழுந்த அப்பா, விரல் நடுங்கும் மாமியார், கையில் மாவுக்கட்டு போட்ட நீங்கள் எல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை. வாசலில் ஆறு படி கட்டிவிட்டு, 'வீல்சேரில் யாருமே வர்றதில்லையே' என்று ஆச்சரியப்படுவதுபோல இருக்கிறது இந்தக் கேள்வி. வர முடியாததால்தான் ஐயா வரவில்லை.

காரணம் இரண்டு: 'இதுக்கெல்லாம் செலவு ஆகும்.'

இந்தப் பாட்டை ஏற்கனவே ஒருத்தர் பாடி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ். அதன் வெப்சைட்டைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவைர் என்ற பார்வையற்றவர் 1999-லேயே புகார் கொடுத்தார். படங்களுக்கு விளக்கம் போடுங்கள், விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி விடுங்கள், முடிவுகளின் அட்டவணையைப் படிக்கிறமாதிரி வையுங்கள். இவ்வளவுதான் கேட்டது. ஒலிம்பிக்ஸ் அமைப்புக் குழு, இதற்கு 20 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், ஒரு வருடம் பிடிக்கும் என்று கையை விரித்தது. நிபுணர்கள் வந்து அதெல்லாம் ஊதிப் பெருக்கிய கணக்கு என்று சாட்சி சொன்னார்கள். 2000 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம், இது பாரபட்சம் என்று தீர்ப்புச் சொன்னது. அதையும் குழு முழுதாகச் செய்யவில்லை. நவம்பரில் 20,000 டாலர் நஷ்டஈடு கட்ட வைத்தார்கள்.

நான் பி.காம் படித்தவன். எனக்குத் தெரிந்த கணக்கு இது. வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒயரிங் குழாய் பதித்தால் செலவு சொற்பம். பூச்சு முடிந்து, பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசமும் நடந்தபிறகு சுவரை உடைத்துப் பதித்தால் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கைக் காட்டி, 'குழாயே வேண்டாம்' என்கிறவன் வீடு கட்டத் தெரியாதவன். அல்லது உடைத்துக் கட்டுகிற கான்ட்ராக்டரின் மச்சான்.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலையைத் தொட்டுப் பார்க்க 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். ஒரு கோடிக்கு மேல் செலவு. நல்ல காரியம், கைதட்டினோம். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து சேதப்படுத்த, திரும்பச் சரிசெய்தார்கள். கடலோரத்தில் பாதை போடவும், போனதை மறுபடி போடவும் மனசு வந்த ஊரில், எந்தப் புயலும் அடித்துக்கொண்டு போக முடியாத பாதையை வெப்சைட்டில் போட மட்டும் பணம் இல்லையாம்.

காரணம் மூன்று: 'ஆபீசுக்கு வரட்டுமே. இல்லேன்னா யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லலாமே.'

மூன்றையும் விட இதுதான் எனக்குக் கசக்கிறது. ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவி செய்யத் தயாராக இருப்பவர்கள். ஆனால் யோசியுங்கள். உங்கள் ஓ.டி.பி.யைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்வீர்களா? யாரிடமும் சொல்லாதே, சொல்லாதே என்று மூன்று வேளையும் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறார்கள். அதே சமயம் பார்வையற்றவரிடம் மட்டும், 'யாரையாவது விட்டு' என்கிறோம். அவருடைய கார்டு நம்பர், பிறந்த தேதி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஊர்ப் பொதுச்சொத்தா? வரியை முன்கூட்டியே கட்டினால் 5 சதவிகிதம் ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் அபராதம் உண்டு. உதவிக்கு ஆள் கிடைக்கும்வரை காத்திருப்பவருக்குச் சலுகை போகும், சில சமயம் தண்டமும் சேரும். கண் இல்லாததற்கு ஒரு வரி.

காரணம் நான்கு: 'நாங்கதான் ஏ பிளஸ், ஏ மைனஸ் போட்டிருக்கோமே!'

ஆமாம், போட்டிருக்கிறீர்கள். மூலையில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு பட்டன், கறுப்புப் பின்னணிக்கு ஒரு பட்டன். வாசலில் வீல்சேர் படம் மாட்டிவிட்டுப் படிக்கட்டை அப்படியே வைத்திருப்பதற்கு இதுதான் பெயர். இப்போது புது வியாபாரம் ஒன்று வந்திருக்கிறது. ஒரே ஒரு வரி நிரலை ஒட்டினால் போதும், உங்கள் தளம் தானாகவே எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்று விற்கிறார்கள். இப்படி விளம்பரம் செய்த ஆக்சஸிபி என்ற நிறுவனத்தை, சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று 2025-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்து 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஜவ்வாது பூசினால் காய்ச்சல் போகாது.

இதெல்லாம் யாரோ கருணை காட்டிச் செய்ய வேண்டியது என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம்.

அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டி 2009-ல் வந்தது. 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஜூனில் அதன் விதிகள். இணையதளத்தில் போடும் ஆவணங்கள் வெறும் போட்டோவாக இருக்கக்கூடாது, எழுத்தாகப் படிக்க முடிகிற வடிவில் இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. சேவை தருகிற எல்லாரும், அரசோ தனியாரோ, இரண்டு வருடத்தில் சரிசெய்ய வேண்டும் என்றது சட்டம். 2019 ஜூனோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது.

ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005-ல் உச்ச நீதிமன்றம் போனார். 2024 நவம்பர் 8-ம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் 'செய்தே ஆக வேண்டும்' என்கிறது. விதியோ 'செய்தால் நல்லது' என்கிற மாதிரி வழிகாட்டிகளைக் காட்டிவிட்டு நிற்கிறது. இப்படி ஒரு விதி சட்டத்துக்கே முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. மீறினால் சட்டத்தில் உள்ள அபராதத்தையும் பயன்படுத்தச் சொன்னது. முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடி மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை.

அடுத்த வருடம் ஏப்ரல் 30-ம் தேதி இன்னொரு தீர்ப்பு. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண்கள் தொடுத்த வழக்கு. வாடிக்கையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க, கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது மென்பொருள். இமையே இல்லாதவர் எதைச் சிமிட்டுவார்? டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனம் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் சொன்னார்கள். அதாவது, உங்கள் வெப்சைட்டின் பெயரில்லாத கட்டம் வெறும் டெக்னிக்கல் கோளாறு இல்லை. ஒருவரின் வாழ்வுரிமைக்கு முன்னால் போட்ட பூட்டு.

இப்போது கேள்வியை நம் வாசலுக்கே கொண்டுவருகிறேன்.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார வழிசெய்யும் சட்டத் திருத்தங்கள் நிறைவேறின. நகர்ப்புறத்தில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு சின்ன சந்தேகம். அந்த மன்றத்தில் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் உட்காருகிறார். கூட்டத்துக்கு முன் அஜெண்டா வரும். சாய்வாக ஸ்கேன் எடுத்த, முத்திரை குத்திய, நாற்பது பக்க பி.டி.எஃப். எந்தத் தெருவுக்கு எவ்வளவு, எந்த கான்ட்ராக்டருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அவருடைய போன் அதைத் திறந்து 'காலிப் பக்கம்' என்று சொன்னால், அவர் மன்றத்தில் எதைப் பேசுவார்? நாற்காலி கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வதற்குப் பிரதிநிதித்துவம் என்று பெயர் கிடையாது. குரூப் போட்டோவுக்கு ஆள் சேர்ப்பது என்று பெயர்.

திட்டத் தொடங்காமல் யோசனை சொல் என்பார்கள். சொல்கிறேன். கமிட்டி வேண்டாம், கருத்தரங்கு வேண்டாம், டிசம்பர் 3-ம் தேதி மாலை மரியாதை வேண்டாம்.

ஒன்று, டெண்டரில் ஒரு ஷரத்து. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட டபிள்யூ.சி.ஏ.ஜி. தரம் இருக்கிறது, நம் அரசு வழிகாட்டியும் அதையொட்டியதுதான். அது இல்லாத வெப்சைட்டை வாங்க மாட்டோம் என்று எழுதுங்கள். இரண்டு, பில் பாஸ் செய்வதற்கு முன் ஒரு பரீட்சை. பார்வையற்ற ஒருவர், கையை அதிகம் அசைக்க முடியாத ஒருவர், காது கேளாத ஒருவர். மூவருக்கும் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். யார் துணையும் இல்லாமல் வரி கட்டி, பிறப்புச் சான்றிதழ் எடுத்து, புகார் ஒன்றைப் பதிந்து காட்டட்டும். முடிந்தால் பணம். முடியாவிட்டால் கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போய் மறுபடி செய்துகொண்டு வரட்டும். தார் ரோடு போட்டால் எம்.புக்கில் அளந்துதானே பில் போடுகிறோம்? இதையும் அளப்போம். மூன்று, டைப் அடித்த கோப்பை யூனிகோடில் அப்படியே ஏற்றுங்கள். முத்திரை மோகம் தீராவிட்டால் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. சொல்லப்போனால் காகிதம் மிச்சம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்று ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மவுஸைத் தள்ளி வைத்துவிடுங்கள். உங்கள் ஊர் நகராட்சியின் தளத்தைத் திறந்து, டேப் கீயும் என்டர் கீயும் மட்டும் வைத்துக்கொண்டு வரி கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். எங்கே சிக்கினீர்களோ அதை நாலு வரியில் எழுதி ஆணையருக்கு அனுப்புங்கள். மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு நகல். இதுவரை பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கப்படாதவர்களும் எழுத ஆரம்பித்தால்தான் கோப்பு நகரும். நம் ஊர் வழக்கம் அது.

அந்தக் கோணல் எழுத்துப் பரீட்சையை இத்தனை நாளாக மக்களுக்கு வைத்துக்கொண்டிருந்தோம். கேள்வி ஒன்றும் தப்பான கேள்வி இல்லை. 'நீங்கள் மனிதர்தானா?' நியாயமான கேள்விதான். கேட்க வேண்டிய இடம்தான் மாறிப்போய்விட்டது.